அப்பாட ஆண்டுத்திவசக் காசு – தேசிய பூங்காவுக்குக் குடுக்கலாமா, குடுத்தா ஆரிட்ட குடுக்கிறது?

சுகன்_வெள்ளவத்தை | திங்கள் இரவு 9.42

வணக்கம் எல்லாருக்கும். கொஞ்சம் நீளமா எழுதப்போறன், பொறுத்துக்கொள்ளுங்கோ.

அப்பா போய் வாற மாசம் ஒரு வருஷம். ஆண்டுத்திவசத்துக்கு எண்டு டொரொண்டோ அண்ணா, லண்டன் அக்கா, நான் எல்லாருமாச் சேந்து நாலரை லட்சம் ஒதுக்கி வச்சிருக்கிறம். வழக்கமா எண்டா கல்வெட்டு எண்டு நினைவுப் புத்தகம் அடிப்பம், மண்டபம் எடுத்து சாப்பாடு குடுப்பம், ரெண்டு கிழமையில கல்வெட்டு எல்லாம் பழைய பேப்பர்காரனிட்ட போயிடும். அம்மாதான் சொன்னா, அந்த மனுசன் கோயிலுக்குப் போனதவிட காட்டுக்குப் போனதுதான் கூட, அதுக்கு ஏதாவது செய்யுங்கோவன் எண்டு.

உண்மைதான். அப்பா 70களில புத்தளத்தில கிளாக்கரா இருந்தவர், வில்பத்து தேசிய பூங்கா அவருக்கு வீட்டுப் பின்வளவு மாதிரி. 80களில சண்டையால பூட்டினாப்பிறகு 2003 மட்டும் உள்ள போகேலாது, திறந்து மூண்டு வருஷத்தில 2006ல கண்ணிவெடி வெடிச்சு திரும்பப் பூட்டு, கடைசியா 2010ல திறந்த உடன எங்களையும் இழுத்துக்கொண்டு போனார். குதிரைமலையில கடலைப் பாத்துக்கொண்டு நிண்டு அல்லி அரசாணி கதை சொன்னார், பொம்பரிப்பில ஆதிச்சநல்லூர் மாதிரியே தாழியில சனத்தைப் புதைச்சிருக்கு எண்டார், அண்டைக்கு முழுக்க ஒரு சிறுத்தை கூட வரேல்ல, மனுசன் அதுக்குக் கவலைப்படவும் இல்ல.

இப்ப பிரச்சினை என்னெண்டா அண்ணா நிக்கிறார் கனடாவில செய்யிற மாதிரி பெஞ்ச் ஒண்டு போட்டு அப்பாட பேரில தகடு வைக்கோணும் எண்டு. நான் விசாரிப்பம் எண்டு ஒரு அலுவலகத்துக்கு போன் எடுத்தன், மூண்டு பேருக்கு லைனை மாத்தி மாத்திக் குடுத்து நாலாவது ஆள் "கடிதம் ஒண்டு போடுங்க" எண்டு வச்சிட்டார். ஆராவது இப்படி காசு குடுத்திருக்கிறீங்களா? உண்மையில பூங்காவுக்குப் போய்ச் சேருமா?

கொட்டாஞ்சேனை_குமார் | திங்கள் இரவு 10.05

அண்ணே தப்பா நினைக்காதீங்க. நாட்ல புள்ளைங்களுக்கு கொப்பி வாங்க வழி இல்ல, நீங்க யானைக்கு நாலரை லட்சமா? 2023ல மட்டும் யானை அடிச்சு 150 பேருக்கு மேல செத்தாங்க. எங்க மாமா வெலிக்கந்தைப் பக்கம் வயல் செய்றார், ராத்திரி பரண்ல ஏறி டோர்ச்ச வச்சிக்கிட்டு முழிச்சிருக்கார். அவர்கிட்ட போயி வனவிலங்கு பாதுகாப்புக்கு தர்மம்ன்னு சொல்லிப்பாருங்க, என்ன சொல்வார்ன்னு தெரியும்.

கமெரா_கணேஷ் | திங்கள் இரவு 10.31

குமார், அதே 2023ல செத்த யானை 470க்கு மேல. 2011ல எண்ணினப்ப மொத்தமே 5,879. ரெண்டு பக்கமும் இழவுதான், அதை பிறகு பாப்பம்.

சுகன், நேரடியா சொல்றன். எங்கட நாட்டில தேசிய பூங்கா எல்லாம் வனசீவராசிகள் திணைக்களத்துக்குக் கீழதான். சட்டம் 1937, யாலவும் வில்பத்துவும் பூங்காவானது 1938, திணைக்களம் வந்தது 1949. நீங்க கேட்டில டிக்கெட்டுக்குக் குடுக்கிற காசு அந்த கேட்டிலயே தங்காது. அதேமாதிரி நீங்க குடுக்கிற நன்கொடை "வில்பத்துவுக்கு மட்டும்" எண்டு ஒரு டப்பாவுக்குள்ள போய் இருக்கிற ஏற்பாடு எனக்குத் தெரிஞ்சு இல்ல. அதனாலதான் கொம்பனிகள் எல்லாம் காசாக் குடுக்காம பொருளாக் குடுக்கிறது. சோலர் பம்ப், தண்ணி பவுசர், கேம்புக்கு டாங்கி, ரேஞ்சர்மாருக்கு சப்பாத்து, ஜீப்புக்கு டயர். அதுக்கும் மேலிடத்து அனுமதி வேணும், அதுக்குத்தான் அந்தக் கடிதம். போன்ல சொன்னவர் அசட்டையா சொல்லியிருப்பார், ஆனா பொய் சொல்லேல்ல.

பெஞ்ச் மட்டும் தயவுசெய்து வேண்டாம். வில்பத்துவில ஒண்டு ரெண்டு இடம் தவிர ஜீப்பால இறங்க விடமாட்டாங்க, அந்த பெஞ்சில ஆர் இருக்கிறது, கரடியா?

சுகன்_வெள்ளவத்தை | திங்கள் இரவு 10.40

ஹாஹா இதை அப்படியே அண்ணாக்கு அனுப்புறன்.

வாசன்_வேர்ஜினியா | செவ்வாய் காலை 6.15

நான் 20 வருஷமா அமெரிக்காவில, ஆனா பிறந்தது பம்பலப்பிட்டி. இங்க எப்படி எண்டு சொல்றன், ஒப்பிட்டுப் பாருங்கோ. இங்க தேசிய பூங்காக்களுக்கெண்டே ஒரு தர்ம நிறுவனம், நேஷனல் பார்க் ஃபவுண்டேஷன், 1967ல காங்கிரஸே சட்டம் போட்டு உண்டாக்கினது. அரசாங்கம் சம்பளம், ரோட்டு எண்டு பாக்கும், இவங்கள் வெளியில காசு சேத்து பாதை திருத்திறது, பள்ளிக்கூடப் பிள்ளையளக் கூட்டிக்கொண்டு வாறது எண்டு செய்வினம். 2024ல லிலி என்டோமென்ட் ஒரே தரத்தில 10 கோடி டொலர் குடுத்தது. அதைவிட ஒவ்வொரு பெரிய பூங்காவுக்கும் தனித்தனி நண்பர் சங்கம் மாதிரி இருக்கு, யோசமிட்டிக்கு ஒண்டு, இப்படி. நாலாம் வகுப்புப் பிள்ளை இருந்தா அந்தக் குடும்பத்துக்கே ஒரு வருஷம் இலவச பாஸ். என்ட மகள் நாலாம் வகுப்பில நாங்கள் 7 பூங்கா பாத்தம், பெற்றோல் காசு மட்டும்தான் (அது என்ன சும்மாவா).

எங்கட ஆக்களும் ஏன் அப்படி ஒண்டு தொடங்கக்கூடாது?

கமெரா_கணேஷ் | செவ்வாய் காலை 8.50

வாசன் அண்ணா, அங்கயும் எல்லாம் பூப்பந்தல் இல்லையே. கிராண்ட் டீட்டன்ல ரொக்கஃபெல்லர் காணி வாங்கினது ஒரு கொம்பனி பேரில ஒளிச்சு வாங்கினது, விசயம் வெளிய வந்தோடன ஊர்ச்சனம் கொதிச்சது, 33,000 ஏக்கரை அரசாங்கம் கையேற்க 1949 ஆச்சு. பெரிய மனசோட குடுக்க வந்தாலும் பக்கத்தில இருக்கிற சனத்தைக் கேக்காம குடுத்தா அப்படித்தான்.

எங்கட ஊரில இன்னும் பகிடி. 1894ல தொடங்கின சங்கம் ஒண்டு இருக்கு, இப்ப வனசீவராசிகள் இயற்கைப் பாதுகாப்புச் சங்கம், பத்தரமுல்லையில. ஆரம்பத்தில அது வேட்டைக்காரத் துரைமாரின்ட சங்கம். சுடுறதுக்கு மிருகம் மிஞ்சாது போலக்கிடக்கு எண்டு பயந்துதான் பாதுகாக்க வெளிக்கிட்டவை. ஆனா யாலவும் வில்பத்துவும் பூங்காவானதில அவையின்ட பங்கு பெரிசு. இப்ப தனியார் காணியில காடு வளக்கிறது, வழக்குப் போடுறது எண்டு உருப்படியா செய்யினம். சுகன், காசாத்தான் குடுக்கோணும் எண்டா இப்படியான பதிஞ்ச சங்கத்துக்குக் குடுங்கோ, ரசீது வாங்குங்கோ, என்னத்துக்கு எண்டு கடிதத்தில எழுதிக் குடுங்கோ.

தெமட்டகொடை_தர்ஷி | செவ்வாய் காலை 9.20

உடவளவயில யானைக்குட்டிகளுக்குப் பால் குடுக்கிற இடம் இருக்கே, அதுக்குக் குடுக்கலாமே? பின்னவலக்கும் குடுக்கலாம் தானே?

கமெரா_கணேஷ் | செவ்வாய் காலை 9.44

ரெண்டும் ஒண்டில்ல தங்கச்சி. பின்னவல மிருகக்காட்சிசாலைத் திணைக்களத்தின்ட, அங்க இருக்கிற யானை அங்கயேதான். உடவளவ இடைத்தங்கல் நிலையம் 1995ல தொடங்கினது, அது வனசீவராசிகள் திணைக்களம். தாயில்லாத குட்டியை வளத்து திரும்ப காட்டுக்க விடுறது, இதுவரைக்கும் நூறுக்கு மேல விட்டாச்சு. மூண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கா பால், கிட்டப்போய்த் தொட விடமாட்டாங்க, தள்ளி நிண்டுதான் பாக்கலாம். போர்ன் ஃப்ரீ எண்ட பிரித்தானிய அமைப்பும் உதவி செய்திருக்கு. அது நல்ல இடம்தான். யானையைத் தொட்டு, குளிப்பாட்டி, செல்பி எடுக்கலாம் "தர்மத்துக்கு" எண்டு விளம்பரம் போடுற இடம் கண்டா காசைக் குடுக்காம திரும்பி வாங்கோ.

உகந்தை_அக்கா | செவ்வாய் பகல் 1.10

நான் இந்தப் பக்கம் எழுதுற குறைவு, வாசிச்சிட்டுப் போற ஆள். இதுக்கு எழுதாம இருக்க ஏலாம இருக்கு. நான் மட்டக்களப்பு, இப்ப மகளோட வத்தளையில.

நாங்க 11 வருசமா கதிர்காமத்துக்கு நடக்கிற ஆக்கள். உகந்தையில முருகனைக் கும்பிட்டுட்டு காட்டுக்க இறங்கினா கும்புக்கன் ஆறு, நாவலடி, வியாழை, கட்டகாமம் எண்டு நாலஞ்சு நாள் நடை. இந்தக் காடு முழுக்க என்ன எண்டு நினைக்கிறயள்? முதல் பங்கு குமண தேசிய பூங்கா, அடுத்தது யால. மத்த நாளில ஜீப் இல்லாம கால் வைக்க விடாத இடம், வருசத்தில ரெண்டு கிழமை மட்டும் எங்களுக்காகக் கதவு திறக்கிறாங்க. உலகத்தில எந்த நாட்டில தேசிய பூங்காவுக்கு நடுவால ஆயிரக்கணக்கான சனம் வெறுங்காலோட நடக்க விடுவாங்க சொல்லுங்க பாப்பம். பகிர்ந்துகொள்ற எண்டா அதுதான்கா பகிர்ந்துகொள்ற.

அதுக்கு நாங்க திருப்பிக் குடுக்கிறது என்ன? லன்ச் ஷீட். சொப்பிங் பேக். தண்ணிப்போத்தல், பிஸ்கட் பேப்பர், ஷம்பூ பக்கட். முந்தி எங்கட அம்மம்மா ஆக்கள் நடக்கக்குள்ள காய்ஞ்ச ஆத்து மணல்ல ஊத்துத் தோண்டி தண்ணி குடிச்சிட்டு, ஓலைப்பெட்டியில அரிசியும் மாவும் கட்டிக்கிட்டுப் போனவங்க. இப்ப அன்னதானம் குடுக்கிறவங்க நல்ல மனசோடதான் குடுக்கிறாங்க, ஆனா எல்லாம் பொலித்தீன்ல. மூணு வருசத்துக்கு முதல் நாவலடி தாண்டி ஒரு மான் சொப்பிங் பேக் ஒண்ட வாயில வச்சி மென்னுக்கிட்டு நிண்டத என்ட கண்ணால கண்ட நான். பின்னால வந்த பெரியவர் ஒராள் "முருகா அதுக்கும் பசி" எண்டார். எனக்கு அழுகைதான் வந்த. அம்பாறை பள்ளக்காட்டுக் குப்பைமேட்டில யானை பிளாஸ்டிக்க திண்டு சாகுற எண்டு பேப்பர்ல வாசிச்சா ஐயோ எண்டுறம், காட்டுக்க நாமளே கொண்டு போட்டுட்டு அரோகரா எண்டுறம்.

எங்கட ஊர்ப் பொடியனுகள் ஒரு வருசம் கதவு பூட்டுற கடைசி நாளில அனுமதி எடுத்து சாக்கோட போனானுகள். 40 சாக்கு நிரம்பின, கொண்டு வாறதுக்கு ட்ரக்டர் இல்ல. ட்ரக்டர் கூலி, சாக்கு, கையுறை, பொடியனுகளுக்கு ரெண்டு நாள் சாப்பாடு, இவ்வளவுதான் தேவை. சுகன் தம்பி, பெஞ்ச் வேணாம், தகடு வேணாம், அந்த ட்ரக்டருக்குக் குடுங்க.

சுகன்_வெள்ளவத்தை | செவ்வாய் பகல் 1.58

அக்கா, இதை அம்மாக்கு வாசிச்சுக் காட்டினன். அம்மா 1978ல கலியாணத்துக்கு முதல் ஒருக்கா நடந்தவவாம், எனக்கு இண்டைக்குத்தான் தெரியும்.

ரிஃபா_டீச்சர் | செவ்வாய் மாலை 4.30

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். நான் தெஹிவளை. பாதுகாக்கிறதப் பத்தி எல்லாரும் செல்லிட்டீங்க, நான் மத்தப் பக்கத்தப் பத்திக் கதைக்கிறேன்.

என்ட வகுப்புல 38 புள்ளைங்க. போன தவணைல "இலங்கையின் தேசிய பூங்காக்கள்" பாடம். யால எங்க ஈக்கிதுன்னு எல்லாருக்கும் தெரியும், பரீட்சைல வரும் தானே. யாரு போயீக்கிறன்னு கேட்டேன், ரெண்டு கை. ரெண்டுமே டீவில பாத்ததத்தான் செல்லிச்சி. டிக்கெட் உள்நாட்டு ஆளுக்கு பெரிய காசில்ல, ஜீப் கூலிதான் ஆள முழுங்குது. ஆறு பேருள்ள குடும்பம் ஒண்டு கொழும்புல இருந்து போய் வர்ரதுன்னா அது ஒரு மாசச் சாமானுக்குள்ள காசு.

இன்னொண்டு ஈக்கி. உள்ளுக்குப் போனாலும் தமிழ்ல வெளக்கம் செல்ற ஆள் கிடைக்கிறது லேசில்ல. கொழும்புல மாசாமாசம் காட்டப் பத்தி, சிறுத்தையப் பத்தி நல்ல நல்ல விரிவுரை நடக்குது, சும்மாவே போய்க் கேக்கலாம், அநேகமா எல்லாம் இங்கிலீஷ், இல்லாட்டி சிங்களம். எங்கட புள்ளைங்களுக்கு காடுங்கிறது வேற யாருடையோ சாமான் மாதிரி. அதுக்குப் போய் குப்ப போடாதேன்னு செல்லி என்ன பிரயோசனம்?

சுகன் நானா, உங்கட வாப்பா உங்களக் கூட்டிட்டுப் போய் கத செல்லீக்கிறார். அதத்தான் நீங்க இவ்வளவு ஞாபகமா எழுதியீக்கிறீங்க. அந்த மாதிரி ஒரு பஸ் புள்ளைங்களுக்குச் செஞ்சா என்ன?

கமெரா_கணேஷ் | செவ்வாய் மாலை 5.12

டீச்சர், மனசுக்கு நல்லாத்தான் இருக்கு, ஆனா நான் கட்சி மாறி நிக்கப்போறன். பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு போறது பூங்காவைப் பாதுகாக்கிறதா? யால முதலாம் தொகுதி 141 சதுர கிலோமீட்டர்தான், ஒரு சிறுத்தை மரத்தில கிடக்குது எண்டு போன்ல செய்தி போனா பத்து நிமிசத்தில புழுதி கிளப்பிக்கொண்டு ஜீப் வரிசை, நான் அதுக்குள்ள மாட்டுப்பட்டு ஒன்றரை மணித்தியாலம் டீசல் புகை குடிச்சிருக்கிறன். வருசா வருசம் வறட்சிக்கு யாலவைப் பூட்டுற அந்தக் கொஞ்ச நாள்தான் அந்த மிருகங்களுக்கு நிம்மதி. நீங்களும் இன்னும் ஆறு ஜீப் சேத்தா அது தர்மமா, ட்ரிப்பா?

ரிஃபா_டீச்சர் | செவ்வாய் மாலை 5.40

நீங்க எத்தன தரம் போயீக்கிறீங்க கணேஷ்?

கமெரா_கணேஷ் | செவ்வாய் மாலை 5.41

...ஒரு 60 தரம் இருக்கும்.

ரிஃபா_டீச்சர் | செவ்வாய் மாலை 5.43

சரி. என்ட புள்ளைங்க ஒரு தரம் போகட்டும்.

கொட்டாஞ்சேனை_குமார் | செவ்வாய் மாலை 5.50

டீச்சர் 😂😂 கணேஷ் அண்ணே இதுக்கு மேல எழுதாதீங்க, பேசாம இருங்க.

கமெரா_கணேஷ் | செவ்வாய் மாலை 6.20

ஒத்துக்கொள்றன் ஒத்துக்கொள்றன். ஆனா யாலவுக்கு வேண்டாம். வில்பத்துவுக்குப் போங்கோ, 1,300 சதுர கிலோமீட்டருக்கு மேல, சனமும் குறைவு. சிறுத்தை வருமோ வராதோ, வில்லு இருக்கு. மழைத்தண்ணி நிண்டு உண்டாகிற ஏரிகள், சின்னதும் பெரிசுமா 60 மட்டில, வேற பூங்காவில இந்த மாதிரிக் காணுறது குறைவு. காலையில ஒரு வில்லுக்கரையில என்ஜினை நிப்பாட்டிப்போட்டு இருந்தா முதலை, மான், கொக்கு எல்லாம் தன்ட பாட்டில வரும். சிறுத்தை சிறுத்தை எண்டு ஓடாத ட்ரைவரா பிடியுங்கோ, அதுதான் முக்கியம்.

மன்னார்_அந்தோனி | செவ்வாய் இரவு 8.05

நீங்கள் எல்லாரும் வில்பத்து, யால எண்டுதான் கதைக்கிறியள். 2015ல நெடுந்தீவு, சுண்டிக்குளம், மடு வீதி, ஆதாம் பாலம் எல்லாத்தையும் தேசிய பூங்கா எண்டு அறிவிச்சது எத்தினை பேருக்குத் தெரியும்? நெடுந்தீவில குதிரையளைப் பாக்கப் போற சனத்துக்கே தாங்கள் நிக்கிறது தேசிய பூங்காவுக்கை எண்டு தெரியாது. வர்த்தமானியில வந்தா பூங்கா, தரையில ஒரு போர்டும் கண்டமாதிரி இல்லை. ஊர்ச்சனத்துக்கு நாளைக்கு மாடு மேய்க்க விடுவினமோ, வலை போட விடுவினமோ எண்ட பயம்தான் மிச்சம்.

மற்றது விடத்தல்தீவு. 2016ல இயற்கை ஒதுக்கம் ஆக்கினவை. கண்டல், கடற்புல்லு, மீன் குஞ்சு பொரிக்கிற இடம், மீனவருக்கு அதுதான் வங்கி. 2024ல அதில ஒரு துண்டை இறால் வளக்கிறதுக்கெண்டு ஒதுக்கத்தில இருந்து வெட்டி எடுக்க வர்த்தமானி வந்தது. சுற்றாடல் அமைப்புகள் உயர் நீதிமன்றத்துக்குப் போச்சினம். சட்டத்தரணிக்கு, ஆய்வுக்கு, பிரயாணத்துக்குக் காசு எங்க இருந்து வாறது? அதுவும் நன்கொடைதான். ஆனா வழக்குக்குக் குடுத்தால் போட்டோ எடுக்கேலாது, ரிப்பன் வெட்டேலாது, அதனாலை ஒருத்தரும் குடுக்கமாட்டினம். ஜீப்புக்கு டயர் குடுக்கிற கொம்பனி வழக்குக்கு ஒரு சதம் குடுக்குமோ?

புத்தளம்_நிசாம் | செவ்வாய் இரவு 8.40

வில்பத்துன்னதும் ஒண்ட செல்லணும். 90ல வடக்குலருந்து விரட்டப்பட்டு 20 வருசம் புத்தளத்துல அகதியா கிடந்த எங்கட முஸ்லிம் சனம் மன்னார் மரிச்சுக்கட்டிப் பக்கம் திரும்பிப் போனப்ப வில்பத்துவ வெட்டுறானுகள்ன்னு முழு நாடும் கத்திச்சி. அது பூங்காக்கு வெளியில உள்ள காடு. காடு காடுதான், இல்லங்கல்ல, வழக்கும் நடந்திச்சி தீர்ப்பும் வந்திச்சி. ஆனா கொழும்புல இருந்துகிட்டு

மட்டுறுத்துநர் | செவ்வாய் இரவு 9.15

நிசாம் நானா, உங்கட பதிவின்ட மிச்சத்தை "மீள்குடியேற்றம்" பகுதிக்கு மாத்தியிருக்கிறன், அங்க ஏற்கனவே 14 பக்கம் ஓடுது. கீழ வந்த 9 பதில்களும் அங்கதான். இந்த இழை சுகன்ட கேள்விக்கு மட்டும்.

கொட்டாஞ்சேனை_குமார் | புதன் காலை 7.30

நேத்து ராத்திரி மாமாவுக்கு போன் போட்டு இதெல்லாம் வாசிச்சுக் காட்டினேன். அவர் சொன்னத அப்படியே எழுதுறேன். "காட்டைச் சுத்தி கரண்ட் வேலி அடிச்சு ஒண்ணும் ஆகலடா, வேலிக்கு அந்தப்பக்கமும் யானை இந்தப்பக்கமும் யானை. நம்ம வயலச் சுத்தி நாமளே அடிச்சு நாமளே பாத்துக்கிட்டாத்தான் நிக்கும்." அவங்க ஊருக்கு ரெண்டு ஊர் தள்ளி அப்படி ஒண்ணு இருக்காம், விதைக்கும்போது கட்டி அறுத்து முடிச்சதும் கழட்டிர்றாங்களாம், அறுத்த வயல்ல யானை வந்து தின்னுட்டுப் போகும், யாருக்கும் நட்டமில்ல. ஒவ்வொரு வீட்டுக்காரரும் ஒரு முறை வேலி பாக்கணும், வராதவருக்கு தண்டம்.

கமெரா_கணேஷ் | புதன் காலை 8.15

மாமாக்கு ஒரு சலூட். இதைத்தான் யானை ஆய்வாளர் பிரித்திவிராஜ் பெர்னாண்டோ ஆக்கள் வருசக்கணக்காச் சொல்லிக்கொண்டு இருக்கினம். யானை நடமாடுற இடத்தில ஏறக்குறைய 70 வீதத்தில மனுசரும் குடியிருக்கினம், பூங்காவுக்க அடைச்சு வைக்கலாம் எண்டது நடக்காத கதை. வனசீவராசிகள் திணைக்களக் காட்டுக்கும் வன இலாகாக் காட்டுக்கும் நடுவில கொண்டு போய் வேலி அடிச்சா யானைக்கு எல்லை தெரியுமோ, ரெண்டுமே அதுக்குக் காடு. அடைச்ச பக்கம் தீனி முடிஞ்சு பட்டினியில செத்ததும் உண்டு.

2025 பெப்ரவரியில ஹபரணைக்குக் கிட்ட கல்லோயாப் பக்கம் மட்டக்களப்பு ரயில் மோதி ஒரே இரவில 6 யானை. அது பூங்காவுக்குள்ளயா? அதனால "பூங்காவுக்குக் குடுக்கிறது" எண்டா பூங்கா கேட்டுக்கு வெளியில குடுக்கிறதும் சேத்திதான் எண்டு நான் நினைக்கிறன். குமார், அந்த ஊர் வேலிக்கு என்ன குறை எண்டு கேளுங்கோ.

கொட்டாஞ்சேனை_குமார் | புதன் காலை 8.22

கேட்டேன். பட்டறி. எவனோ வந்து வேலிய திறந்து வச்சிட்டு போட்டோ எடுத்துட்டுப் போயிட்டானாம், ரெண்டு வருசத்துல பட்டறி செத்தா யாரு வாங்குறதுன்னு தெரியல.

வாசன்_வேர்ஜினியா | புதன் காலை 8.50

இதுதான் எல்லா நாட்டிலயும். புதுசா கட்டக் காசு கிடைக்கும், கட்டினதைப் பாக்க கிடைக்காது. இங்கயும் பழுது பாக்காம கிடக்கிற ரோட்டும் கக்கூசும் ஏராளம். கக்கூசுக்கு ஆர் பேர் போடக் கேக்கிறது.

தெமட்டகொடை_தர்ஷி | புதன் காலை 9.05

வில்பத்து வரைக்கும் ஏன், எங்கட பெல்லன்வில அத்திடிய சதுப்புநிலம் இருக்கே. 1990ல சரணாலயம் ஆக்கினது, தெஹிவளையில இருந்து 15 நிமிசம். 2018ல கொழும்புக்கு ராம்சார் (ஈரநிலங்களுக்கான சர்வதேச ஒப்பந்தம்) ஈரநில நகரம்னு பட்டமும் குடுத்தாங்க. ரிஃபா டீச்சர் முதல்ல அங்க கூட்டிட்டுப் போங்களேன், ஜீப்பும் தேவையில்ல.

ரிஃபா_டீச்சர் | புதன் பகல் 12.15

தர்ஷி, நான் 20 வருசமா அதுக்குப் பக்கத்துல ஈக்கிறேன், நுளம்புக் காடுன்னுதான் நெனச்சிட்டு ஈந்தேன். வெக்கமா ஈக்கி. இந்த சனிக்கிழம போறோம்.

சுகன்_வெள்ளவத்தை | ஞாயிறு இரவு 9.30

நாலு நாளா குடும்ப வட்சப்பில ஒரே சண்டை. முடிவைச் சொல்றன், பிழை இருந்தாச் சொல்லுங்கோ.

பெஞ்ச் போச்சுது. அண்ணா கொஞ்சம் முகத்தைத் தூக்கினார், பிறகு அக்கா சொன்னா "அப்பா எந்த பெஞ்சில 5 நிமிசம் சேந்தாப்போல இருந்தவர்" எண்டு, அதோட விட்டிட்டார்.

ரிஃபா டீச்சரின்ட 38 பிள்ளையளும் நாலு பெரியாக்களும் ஒரு நாள் வில்பத்து, அதுக்கு பஸ், 7 ஜீப், சாப்பாடு, டிக்கெட் எல்லாம் சேத்து 2 லட்சத்து 30 ஆயிரம் எண்டு கணக்குப் பாத்திருக்கிறம். ஜீப்புக்கு எங்களுக்கு முதல்ல சொன்ன விலையைக் கேட்டு எனக்கு நெஞ்சு அடைச்சது, பள்ளிக்கூடப் பிள்ளையள் எண்டு சொன்னோடன கொஞ்சம் இறங்கினாங்கள். குதிரைமலை, வில்லு, பொம்பரிப்பு பற்றி அப்பா எழுதி வச்ச கொப்பி ஒண்டு இருக்கு, அதை டைப் பண்ணி 8 பக்கத்தில சின்னப் புத்தகமா அடிச்சு பிள்ளையளுக்குக் குடுக்கிறம். அம்மா சொல்றா கல்வெட்டு அதுதானாம். கணேஷ் அண்ணா பறவைப் படம் சும்மா தாறன் எண்டிருக்கிறார் (60 தரம் போனதுக்கு தண்டம்).

உகந்தை அக்காட ட்ரக்டருக்கு 1 லட்சத்து 20. அனுமதிக் கடிதம் அக்கா ஆக்களின்ட சங்கத்தின்ட பேரில போகும், நாங்கள் ட்ரக்டர்காரருக்கு நேர கட்டுறம்.

மாமாவின்ட அயலூர் வேலிக்கு பட்டறி 1, அதோட அடுத்த பட்டறிக்கு அந்தக் கமக்காரர் சங்கத்துக் கணக்கில கொஞ்சம் வைப்பு, மொத்தம் 80 ஆயிரம். குமார், நீர் ஆரம்பத்தில சொன்னது எல்லாம் நான் மறக்கேல்ல.

அந்தோனி அண்ணா, வழக்குக்கு மிச்சம் 20 ஆயிரம்தான் இருக்கு. பேப்பர் போட்டோகொப்பி அடிக்கவும் காணாது, எண்டாலும் அனுப்புறன்.

மன்னார்_அந்தோனி | ஞாயிறு இரவு 9.48

போட்டோகொப்பிக்கு காணும் தம்பி. ஒரு வழக்குக்கு எத்தினை செட் குடுக்கோணும் எண்டு உமக்குத் தெரியாது.

கொட்டாஞ்சேனை_குமார் | ஞாயிறு இரவு 10.02

மாமா கேக்குறார் பட்டறில பேர் எழுதணுமான்னு. எழுதினா கள்ளன் தூக்க மாட்டானாம், செத்தவர் பேர் இருந்தா பயமாம் 😄

சுகன்_வெள்ளவத்தை | ஞாயிறு இரவு 10.06

எழுதச் சொல்லும். அண்ணாக்கு போட்டோவும் வேணும்.

உகந்தை_அக்கா | ஞாயிறு இரவு 10.20

தம்பி, சாக்கு நாங்களே எடுப்பம், அரிசிக்கடைக்காரர் வெறுஞ்சாக்கு தாற எண்டு சொன்னவர். அந்த மிச்சத்துக்கு லன்ச் ஷீட்டுக்குப் பதிலா தாமரையிலை எடுத்து உகந்தையில அன்னதானம் குடுக்கிற மடத்துக்குக் குடுப்பமா? அம்மா வாறாவெண்டா என்னோட நடக்கட்டும், உகந்தையில இருந்து முதல் நாள் மட்டும் எண்டாலும்.

சுகன்_வெள்ளவத்தை | ஞாயிறு இரவு 10.31

அம்மாக்கு முழங்கால் அக்கா. ஆனா கேட்டுட்டு எழும்பிப் போய் தன்ட பழைய பையைத் தேடுறா.

ஒரு உதவி வேணும் எல்லாரிட்டயும். எலுவன்குளம் பக்கத்தால உள்ள போற ஜீப்காரரில தமிழ் கதைக்கிற ஆக்கள் ஆரையாவது தெரியுமோ? சிறுத்தைக்கு ஓடாத ஆக்களா.

புத்தளம்_நிசாம் | ஞாயிறு இரவு 10.55

எங்கட ஊர்ப் புள்ளைங்க நாலஞ்சு பேர் ஓடுறாங்க. நம்பர் இன்பொக்ஸ்ல போடுறேன். விடிய 5 மணிக்கு சந்தில நிக்கணும், சுபஹு தொழுதுட்டு நேரா வருவாங்க. கொழும்பு டைம்ல வந்தீங்கன்னா கொக்கெல்லாம் பறந்துரும்.